ஈயம் எந்த வழியால் வருகிறது? உடுவில் சிறுவரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது. அது எந்த வழியால் உள்ளே போனது? குழந்தை மருத்துவத்தில் இந்தக் கேள்விக்கு நூற்றிருபது வயதாகிவிட்டது. 1904 இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், வீட்டு விறாந்தைகளின் மரக் கைப்பிடிகளில் பூசியிருந்த பெயின்ற்தான் காரணம் என்று எழுதினார். பிறகு வந்தவர்கள் பெற்றோல் புகையைக் காட்டினார்கள். தண்ணீர்க் குழாயைக் காட்டினார்கள். பற்றரி உருக்கும் கொட்டில்களைக் காட்டினார்கள். அண்மைக் காலத்தில் மஞ்சளையும் சமையல் பாத்திரத்தையும் காட்டுகிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் தாம் நின்ற ஊரில் கண்டதைச் சொன்னார்கள். அந்தப் பதிலை இன்னோர் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனபோதுதான் தவறுகள் நேர்ந்தன.

இக்கட்டுரை அந்தப் பதில்களை யாழ்ப்பாணக் குடாநாட்டின் உடுவில் பிரதேச செயலர் பிரிவை வைத்துப் பார்க்கிறது. உடுவிலும் சுன்னாகமும் இணுவிலும் ஏழாலையும் அடங்கிய இந்தப் பிரிவில் சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லியதாகச் செம்மண் படிந்திருக்கிறது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் ஒரே நிலத்தடி நீர்தான். வெங்காயமும் புகையிலையும் விளையும் தோட்டங்கள், 1824 இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி, வீதிக்கு வீதி கோயில்கள், முப்பது வருடப் போர் விட்டுச்சென்ற தடயங்கள் எல்லாம் அருகருகே இருக்கின்றன. ஈய நஞ்சைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் மிகக் கசப்பான பாடங்கள் ஆபிரிக்க நகரங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்தவை. அவற்றில் எவை உடுவில் அடங்கிய வலிகாமத்துக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதே இங்கு ஆராயப்படுவது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. இங்கே ஈயம் என்பது காரீயம்.

கீழே இறங்கிய கோடு

எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: எவ்வளவு வந்தால் ஆபத்து? 1920களிலிருந்து நாற்பது ஆண்டுகள் அமெரிக்காவில் இதற்குப் பதில் சொன்னவர் ரொபேர்ட் கெஹோ. ஈயம் கலந்த பெற்றோலைத் தயாரித்த தொழிற்றுறையின் ஆதரவோடு ஆய்வு செய்தவர். ஈயம் மனித உடலில் இயல்பாகவே இருக்கும் பொருள், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் தீங்கில்லை என்பது அவர் நிலைப்பாடு. 1965 இல் புவி வேதியியலாளர் கிளேர் பற்றர்சன் அதை உடைத்தார். இன்றைய மனிதர் உடலில் உள்ள ஈயம் இயற்கையான அளவைவிடப் பன்மடங்கு அதிகம் என்றும், பரவலாக இருப்பதை இயல்பு என்று எண்ணியதே பிழை என்றும் காட்டினார்.

ஹேர்பேர்ட் நீடில்மன் 1979 இல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பொஸ்ரன் நகரை அடுத்த ஊர்களில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். நம் ஊரில் கூரைமேல் எறிந்துவிடும் அதே பல். அதன் உட்பகுதியில் பல வருட ஈயம் பதிந்திருக்கும். நோயாளி என்று ஒருவரும் சொல்லாத அந்தப் பிள்ளைகளுள், பல்லில் ஈயம் கூடியவர்கள் நுண்ணறிவுச் சோதனையில் பின்தங்கினார்கள். வகுப்பில் அவர்கள் கவனம் சிதறியது. 2005 இல் லன்ஃபியரும் அவரோடு பல நாட்டு ஆய்வாளர்களும் 1,333 பிள்ளைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தார்கள். இரத்த ஈயம் 2.4 இலிருந்து 10 மைக்ரோகிராமுக்கு ஏறும்போது நுண்ணறிவு எண் சராசரி 3.9 புள்ளி குறைந்தது. 10 இலிருந்து 20 க்கு ஏறும்போது குறைந்தது 1.9 புள்ளிதான். முதலில் வரும் சிறிய அளவே கூடுதலாகப் பறிக்கிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எச்சரிக்கைக் கோடு 1960களில் 60 ஆக இருந்தது. அது 40, 30, 25, 10, 5 என்று இறங்கி 2021 இல் 3.5 இல் வந்து நிற்கிறது. பாதுகாப்பான அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மூலத்தைத் தேடி அகற்றச் சொல்கிறது. யுனிசெஃபும் பியூர் ஏர்த் அமைப்பும் 2020 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 80 கோடிச் சிறுவர்கள், மூவரில் ஒருவர், அந்த அளவிலோ அதற்கு மேலோ இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தெற்காசியாவில். இந்த எண் பெரும்பாலும் கணித மாதிரியால் பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தெற்காசியக் கிராமம் ஒவ்வொன்றிலும் ஊசி குத்திப் பார்த்து எழுதிய எண் அல்ல.

சுவரும் கோபுரமும்

கிப்சனின் பதிலுக்கு ஒரு கேடு நேர்ந்தது. பெயின்ற் காரணம் என்றதை, பெயின்ற்றைத் தின்னும் பிள்ளை காரணம் என்று தொழிற்றுறை திருப்பிப் போட்டது. கண்டதை வாயில் வைக்கும் பழக்கம், கவனமில்லாத தாய், அழுக்கான வீடு என்று பழி கீழே இறங்கியது. அறிவியல் அதைத் தள்ளிவிட்டது. பிள்ளை பெயின்ற்றைக் கடிக்க வேண்டியதில்லை. உரிந்து விழும் பூச்சு தூளாகி நிலத்தில் படியும். தவழும் பிள்ளை கையால் நிலத்தைத் தொட்டு அதே கையை வாய்க்குக் கொண்டுபோகும். உட்கொண்ட ஈயத்தில் வளர்ந்தவர் பத்திலொரு பங்கை உறிஞ்சுவார். சிறுபிள்ளை பாதி வரை உறிஞ்சும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். மண் தின்னும் பழக்கமும் இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்தே வருவதால் ஒரே பிள்ளைமேல் இரண்டு சுமை ஏறுகிறது.

ஆபிரிக்காவில் இந்தப் பதிலை உயிரோடு வைத்திருந்தவர்களுள் தென்னாபிரிக்காவின் அஞ்சலா மத்தீ முக்கியமானவர். பணக்கார நாடுகள் எழுபதுகளில் கட்டுப்படுத்திய பெயின்ற், கேப் ரவுண், ஜொஹனஸ்பேர்க் பள்ளிகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் முப்பது வருடம் கழித்தும் இருந்ததை அவரும் சகாக்களும் காட்டினார்கள். இலங்கையில் நுகர்வோர் விவகார அதிகார சபை பெயின்ற்றில் ஈயத்துக்கு வரம்பு விதித்தது 2011 இல். நடைமுறைக்கு வந்தது 2013 இல். சுற்றாடல் நீதி மையம் கடைப் பெயின்ற்களை வாங்கிப் பரிசோதித்ததும் நீதிமன்றத்தை நாடியதும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆக 2013 க்கு முன் பூசிய கதவும் யன்னலும் படலையும் வகுப்பறை வாங்கும் சந்தேகத்துக்குரியவை. பழைய வீட்டைத் திருத்தும்போது மரக்கதவை மெசினால் உரஞ்சுவது இன்று சாதாரணம். அந்தத் தூள் அந்த அறையிலேயே படியும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஓர் இடம் இந்த ஆய்வுகளில் இடம்பெறுவதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்திலும் மண்டபத்திலும் உள்ள பழைய வர்ணம் சுரண்டப்படுகிறது. எனாமல் பெயின்ற்களில் மஞ்சளும் சிவப்புமே உலகெங்கும் அதிக ஈயம் காட்டும் நிறங்கள். ஈயக் குரோமேற்றும் அதைச் சேர்ந்த நிறமிகளும் அந்த ஒளிர்வைத் தருகின்றன. கோபுரச் சிற்பங்களில் அந்த நிறங்களுக்குக் குறைவில்லை. சுரண்டிய துகள் விழுவது கோயில் வீதி மணலில். மாலையில் சிறுவர் விளையாடுவதும் அங்கேதான். துகள் பறக்காமல் சாக்கு விரித்து அள்ளுவதற்கோ, நனைத்துவிட்டுச் சுரண்டுவதற்கோ பெரிய செலவில்லை. கோயில் மணலில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதை அளந்த பிறகே உறுதியாகப் பேசலாம். ஆனால் அளக்கவேண்டிய இடங்களின் வரிசையில் இதை முன்னே வைப்பதற்குப் போதிய காரணம் இருக்கிறது.

பெற்றோல்: வெற்றியும் அதன் எல்லையும்

பொதுச் சுகாதாரத்தின் மிகத் தெளிவான வெற்றிகளுள் ஒன்று ஈயமற்ற பெற்றோல். அமெரிக்காவில் 1976 க்கும் 1980 க்கும் இடையில் பெற்றோலில் ஈயம் குறையக் குறைய மக்களின் சராசரி இரத்த ஈயம் 37 சதவீதம் இறங்கியது. இந்தியா 2000 இல் மாறியது. இலங்கை 2002 இல். 2001 இல் செனகலின் டாக்கரில் கூடிய சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகள் 2006 க்குள் மாறின. கடைசியாக 2021 இல் அல்ஜீரியா நிறுத்தியது.

வெற்றி பெரிதாக இருந்ததால் அந்தப் பதில் மற்றவற்றை மறைத்துவிட்டது. ஈயமற்ற பெற்றோல் வந்தபின் இந்தச் சிக்கல் முடிந்தது என்று பல அரசுகள் எண்ணின. முடியவில்லை என்பதற்குச் சென்னையே சான்று. 3 முதல் 7 வயதுவரையான 756 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியான ஆய்வில் சராசரி 11.4 மைக்ரோகிராம், கவனக் குறைவும் நடத்தைச் சிக்கல்களும் இரத்த ஈயத்தோடு சேர்ந்து கூடின. பெற்றோலில் ஈயம் நின்று சில வருடங்கள் கழித்து எடுத்த இரத்தம் அது.

யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பதில் இன்னொரு வகையிலும் பொருந்தாமல் போகிறது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் அருமையாகிப் போனது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் காரும் ஓடிய காலம் அது. மண்ணெண்ணெய்ப் புகைக்கு வேறு தீங்குகள் உண்டு. ஆனால் அதில் ஈயம் சேர்க்கப்படுவதில்லை. எனவே கொழும்பு வீதியோரத்தில் ஈயம் படிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் வலிகாமத்து வீதிகளில் அது குறைவாகப் படிந்திருக்கலாம். இது ஊகம்தான், வீதியோர மண்ணின் அடுக்குகளை ஆராய்ந்தால் சரிபார்க்கலாம். தேசிய அளவிலான வரலாறு ஒன்றை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒட்டிவிட முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கிணறு

உடுவில் பிரிவில் சூழல் நஞ்சு என்றால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சுன்னாகத்துக் கிணறுகள். 2013, 2014 ஆண்டுகளில் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது, வாளியில் வழுவழுப்புப் படிந்தது, தண்ணீர் நாறியது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைச் சோதித்தபோது 109 இல் எண்ணெயும் கிரீசும் லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தன. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு இதற்கு ஒத்துப்போகவில்லை. எந்த எண்ணை நம்புவது என்று தெரியாமல் மக்கள் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம், சுன்னாகத்தில் மின் நிலையம் நடத்திய நொர்தேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என்று தீர்த்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு இலங்கைச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று.

அந்த வழக்கு எண்ணெயைப் பற்றியது, ஈயத்தைப் பற்றியதல்ல. இரண்டையும் குழப்பும் பேச்சு அடிக்கடி கேட்கிறது. கழிவு எண்ணெயில் ஈயம் ஓரளவு இருக்க முடியும். ஆனால் கிணறு மாசுபட்டது என்பதிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஈயமும் கிணற்றால்தான் வருகிறது என்ற முடிவுக்குத் தாவ முடியாது. குடாநாட்டுத் தண்ணீர் வன்னீர், காபனேற்று நிறைந்தது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நீரில் ஈயம் எளிதில் கரைந்து நிற்பதில்லை, காபனேற்றாகி வீழ்படியும். 2014 இல் அமெரிக்காவின் ஃபிளின்ற் நகரில் நடந்தது வேறு: அரிக்கும் தன்மையுள்ள ஆற்றுநீரைப் பழைய ஈயக் குழாய்களுக்குள் விட்டார்கள். அந்தக் குழாய்கள் உடுவிலில் இல்லை. பார்க்கவேண்டியது பித்தளைப் பைப்புகளையும், ஈயம் சேர்த்து உறுதிப்படுத்திய மலிவான பிவிசி குழாய்களையும். இந்தியா அத்தகைய குழாய்களைக் கட்டுப்படுத்த 2021 இல் விதி கொண்டுவந்தது.

இதில் மண்ணின் குணத்தையும் கவனிக்கவேண்டும். செம்மண்ணும் அதன் கீழுள்ள சுண்ணாம்பும் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே விழுந்த ஈயம் கீழே இறங்காமல் முதல் சில அங்குலத்திலேயே பல தலைமுறைக்கு நிற்கும். சுண்ணாம்புக் கல்லில் குகைகளும் வெடிப்புகளும் உள்ள இடங்களில் மழைநீரோடு துகளாக இறங்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது. பொதுவில், கிணற்றைக் காப்பாற்றும் அதே மண் முற்றத்தில் தவழும் பிள்ளைக்கு ஆபத்தைத் தேக்கி வைக்கிறது. கிணறு சுத்தம் என்ற அறிக்கை முற்றம் சுத்தம் என்பதற்குச் சான்றாகாது. ஈயத்தைப் பொறுத்தமட்டில், சுன்னாகத்துக்குப் பின் நமது கவனம் முழுவதும் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது என்பதே என் கணிப்பு.

பற்றரி

ஆபிரிக்காவிலிருந்து வந்த பாடங்களுள் மிகக் கொடியது இது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் செனகலின் தலைநகர் டாக்கரை அடுத்த தியாரோய் என்ற பகுதியில் 18 சிறுபிள்ளைகள் இறந்தார்கள். அங்கே பழைய வாகனப் பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்துவந்தார்கள். ஈயத்தின் விலை ஏறியதும், பற்றரி உடைத்த இடத்து மணலைப் பெண்கள் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். முதுகில் பிள்ளை, கையில் சல்லடை. பரிசோதித்த 81 பேரின் இரத்த ஈயம் 39.8 முதல் 613.9 மைக்ரோகிராம்வரை இருந்தது. வீடுகளுக்குள் மண்ணில் கிலோவுக்கு 14,000 மில்லிகிராம்வரை, வெளியே 302,000 வரை. மண் என்று சொல்வதற்கே இடமில்லை, மூன்றிலொரு பங்குக்குக் கிட்ட ஈயம். 2010 இல் நைஜீரியாவின் சம்ஃபாராவில் ஈயம் கலந்த தங்கத் தாதை வீட்டு முற்றங்களில் அரைத்ததால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இறந்தார்கள். கென்யாவின் மொம்பாசாவில் ஒவினோ உஹுரு குடியிருப்பை அடுத்த பற்றரி உருக்காலைக்கு எதிராக ஃபிலிஸ் ஒமிடோ என்ற தாய் போராடினார். 2020 இல் நீதிமன்றம் அம்மக்களுக்கு 130 கோடி ஷில்லிங் இழப்பீடு விதித்தது. வழக்கு அதன்பின்னும் மேன்முறையீடுகளில் இழுபட்டது.

இந்தப் பதிலின் பலம், கொல்லும் அளவு ஈயம் எங்கிருந்து வரும் என்பதை அது சரியாகக் காட்டுகிறது. அதன் குறை, பற்றரிக் கொட்டில் இல்லாத ஊர் தப்பிவிட்டது என்ற ஆறுதலையும் அது தந்துவிடுகிறது. வலிகாமத்தில் பழைய இரும்பு வாங்குபவர் பழைய பற்றரியையும் வாங்குகிறார். போருக்குப் பின் பழைய இரும்பு வணிகம் பெருகியது. 2022 இன் நீண்ட மின்வெட்டுகள் பல வீடுகளுக்கு இன்வேட்டரையும் அதன் பற்றரியையும் கொண்டுவந்தன. சேர்த்த பற்றரி ஊரிலேயே உடைக்கப்படுகிறதா, முழுதாக லொறியில் ஏறித் தெற்கே போகிறதா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அமிலத்தை வளவில் ஊற்றிவிட்டு எடை குறைத்து அனுப்பும் ஒரு கடை போதும், அந்த ஒழுங்கைக்கே ஆபத்து. கரையோரத்தில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டை வீட்டில் உருக்கி வார்ப்பதும் இதே வகை. கொலம்பியாவின் கார்டஹேனா மீனவக் குடும்பங்களில் அப்படி வார்ப்பதற்கும் பிள்ளைகளின் இரத்த ஈயத்துக்கும் உள்ள தொடர்பு பதிவாகியுள்ளது. உடுவிலுக்குக் கடல் இல்லை. குருநகருக்கும் மயிலிட்டிக்கும் உண்டு.

அடுப்படி

அண்மைய பதில் சமையலறைக்குள் வருகிறது. வங்காளதேசக் கிராமங்களில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது; தொழிற்சாலையோ பற்றரிக் கொட்டிலோ பக்கத்தில் இல்லை. ஜென்னா ஃபோர்சித்தும் சகாக்களும் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களை ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு தாதுச் சுரங்கத்து ஈயத்துக்கும் தனி விகிதம் உண்டு. பெண்களின் இரத்தத்தில் இருந்த ஈயம் மஞ்சளில் பூசிய ஈயக் குரோமேற்றோடு ஒத்துப்போனது. 1980களின் வெள்ளம் ஒன்றில் நனைந்து நிறம் மங்கிய விரலி மஞ்சளை மினுக்கத் தொடங்கிய வழக்கம், பிறகு நிலைத்துவிட்டது. 2019 இல் வங்காளதேசத்தில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு மொத்தச் சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டம் விதித்தபின் 2021 இல் ஒன்றிலும் இல்லை. மூலம் சரியாகத் தெரிந்தால் இரண்டு வருடம் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2024 இல் வெளியான ஆய்வொன்று இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகியவற்றின் 23 நகரங்களில் மஞ்சளைச் சோதித்தது. 14 சதவீத மாதிரிகளில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். மிக உயர்ந்த அளவுகள் பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில். கிராமுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டிய நகரங்களுள் சென்னையும் உண்டு. இது யாழ்ப்பாணத்துக்கு ஏன் முக்கியம்? மஞ்சள் இறக்குமதி தடைப்பட்ட 2020 ஐ அடுத்த காலத்தில், பாக்கு நீரிணையால் கடத்திவந்த இந்திய மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை வடக்குக் கரையோரங்களில் மீண்டும் மீண்டும் பிடித்தது. பிடிபடாதது சந்தைக்குப் போயிருக்கும். அது எந்தத் தரத்துச் சோதனைக்கும் உட்படாத மஞ்சள். வீட்டில் வறுத்து மில்லில் கொடுத்து இடிக்கும் யாழ்ப்பாணத்துத் தூளில் கலப்படம் இல்லை என்று நாம் நம்புவது, முழு மல்லியும் முழு மிளகாயும் கண்முன்னே அரைபடுவதால். மஞ்சளில் அந்த நம்பிக்கை செல்லாது. குரோமேற்று முழு விரலியின் தோலிலேயே தேய்க்கப்படுகிறது. வழக்கத்துக்கு மீறி மினுங்கி, தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும் கட்டையைச் சந்தேகிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். பியூர் ஏர்த் 2023 இல் 25 நாடுகளில் 5,000 க்கு மேற்பட்ட சந்தைப் பொருட்களைச் சோதித்தது. உலோகப் பாத்திரங்களில் 52 சதவீதமும், பீங்கான், மட்பாண்டங்களில் 45 சதவீதமும் வரம்பைத் தாண்டின. மசாலாப் பொருட்களில் 2 சதவீதம் மட்டுமே. கமரூனில் தொடங்கிய ஆய்வுகள், பழைய இயந்திர உதிரிகளையும் கேன்களையும் உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரத்திலிருந்து புளித்த உணவில் ஈயம் ஊறுவதைக் காட்டின. 2017 இல் பத்து நாடுகளிலிருந்து வாங்கிய 42 பாத்திரங்களை அமிலத்தில் கொதிக்க வைத்தபோது மூன்றிலொரு பங்கு ஆபத்தானவையாக இருந்தன. பழப்புளி ஊற்றிக் காய்ச்சும் குழம்பும் இரசமும் இதற்கு வெளியே நிற்க முடியாது. ஆனால் மெருகு பூசாத மண்சட்டியில் கறி வைக்கும் வழக்கம் இங்கு இன்னும் இருக்கிறது. பிற நாடுகளில் மட்பாண்ட ஈயம் பெரும்பாலும் அந்த மெருகிலிருந்து வருவதால், நமது சட்டியைக் குறைந்தது அந்தக் குற்றத்திலிருந்து விடுவிக்கலாம்.

குழந்தையின் நெற்றியிலும் கண்ணிலும் வைப்பவை பற்றியும் இதே நிதானம் வேண்டும். விளக்குச் சுடரின் கரியைப் பிடித்து எண்ணெயில் குழைத்த மை கரியம்தான். ஈயத் தாதை அரைத்துச் செய்யும் சுர்மா வேறு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் வேறு. மலிவான சிவப்பு நிறமி கலந்த கடைக் குங்குமம் வேறு. மரபைக் குற்றம் சொல்வதும் மரபென்பதால் பாதுகாப்பு என்பதும் ஒரே அளவு பிழையானவை. சித்த மருத்துவத்தில் மிருதார்சிங்கி எனப்படும் ஈய ஒட்சைட்டு பூச்சு மருந்துகளில் சேர்வதையும் இந்த இடத்தில் குறிப்பிடவேண்டும். பிள்ளைகளுக்குப் பூசும் களிம்பானால் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயம்.

எலும்பு

மேற்கண்ட பதில்கள் எல்லாம் ஈயத்தைப் பிள்ளைக்கு வெளியே தேடுகின்றன. ஆனால் ஈயம் உடலுக்குள்ளும் தங்கியிருக்கும். இரத்தத்தில் அது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். தாய் கருவுற்றுப் பால் கொடுக்கும் காலத்தில் எலும்பின் கல்சியத்தோடு ஈயமும் கரைந்து பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் சூழல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தாயின் சிறுவயது அதன் தொப்புள்கொடி வழியாக வந்து சேர்கிறது.

போரைக் கடந்த சமூகத்தில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. உடலில் உலோகத் துண்டுகளோடு வாழ்பவர்கள் வடக்கில் ஏராளம். அவை எல்லாம் ஈயம் என்று எண்ணத் தேவையில்லை. ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு. துப்பாக்கி ரவையின் உள்ளீடுதான் ஈயம். தசைக்குள் மூடிக் கிடக்கும் ரவையைவிட, மூட்டுக்குள் இருக்கும் ரவையே மூட்டுநீரில் கரைந்து இரத்த ஈயத்தை உயர்த்துவதாக மருத்துவ இலக்கியம் காட்டுகிறது. அப்படியொரு ரவையோடு கருவுறும் பெண்ணுக்கு இரத்த ஈயம் பார்ப்பது மகப்பேற்றுச் சிகிச்சையின் சாதாரணப் பகுதியாக இருக்கவேண்டும்.

முதலில் எதை அளப்பது?

இவ்வளவு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை என்பது தெரியும். ஊருக்கு ஊர் வரிசைதான் மாறுகிறது. தியாரோயில் பற்றரி முதலாவது, வங்காளதேசக் கிராமத்தில் மஞ்சள், ஃபிளின்ற்றில் குழாய். உடுவிலுக்கு வரிசை எழுதச் சொன்னால், சான்றைவிடக் காரண அறிவையே நம்பி, பழைய பெயின்ற்றையும் சமையல் பாத்திரத்தையும் மஞ்சளையும் முன்னே வைப்பேன், பற்றரி உடைக்கும் இடம் எங்காவது இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் மேலே, கிணற்றைக் கடைசியில். இது மாறக்கூடிய வரிசை.

அதை உறுதியாக்குவது எப்படி என்பதில் இரு தரப்பு உண்டு. ஒரு தரப்பு, முதலில் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறது. உடுவில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் தாய் சேய் கிளினிக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையும் ஏற்கெனவே ஒழுங்காக நடக்கின்றன. விரல்நுனி இரத்தத்தில் சில நிமிடத்தில் ஈயம் காட்டும் கருவிகளும் உள்ளன. மறுதரப்பு கேட்பது: பரிசோதித்து என்ன செய்யப்போகிறீர்கள்? ஈயத்தை வெளியேற்றும் மருந்தை 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கும் பிள்ளைகளுக்கே உலக சுகாதார நிறுவனம் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. 8 என்று எண் வந்த பிள்ளையின் தாய்க்குக் கொடுக்க மருந்தில்லை. மூலத்தை அகற்று என்ற சொல் மட்டுமே உண்டு. மூலம் எதுவென்று சொல்லாமல் எண்ணை மட்டும் கையில் கொடுத்தால் பழி மறுபடி அந்தத் தாயின் மடியில்தான் விழும். ஆகவே சந்தையையும் சுவரையும் மண்ணையும் முதலில் சுத்தப்படுத்துங்கள் என்கிறார்கள்.

இரண்டாம் தரப்பின் அக்கறை மெய்யானது. ஆயினும் வங்காளதேசத்தில் மஞ்சளைக் கண்டுபிடிக்க வைத்தது கர்ப்பிணிகளின் இரத்தம்தான். இரத்தம் பார்க்காமல் அந்தச் சந்தைக்கு ஒருவரும் போயிருக்கமாட்டார்கள். எனவே ஊர் முழுவதையும் பரிசோதிப்பதற்கு முன், சில நூறு பிள்ளைகளின் இரத்தத்தோடு அதே வீடுகளின் தூள், சட்டி, கதவுப் பெயின்ற், முற்றத்து மண் ஆகியவற்றையும் ஒன்றாக எடுத்து ஐசோடோப்பு விகிதம் ஒப்பிடும் சிறிய ஆய்வே இங்கு முதற்படியாகத் தகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பக்கத்திலேயே இருக்கிறது. இதில் தீராத கேள்விகள் மூன்று. எந்த அளவுக்கு மேல் ஒரு வீட்டுக்கு உதவி போகவேண்டும்: 3.5 ஆ, 5 ஆ? சுவரை உரிக்கவும் பாத்திரத்தை மாற்றவும் ஆகும் செலவை யார் ஏற்பது? சுன்னாகத்தில் பொறுப்பாளி என்று சுட்ட ஒரு நிறுவனம் இருந்தது. பத்து வழியால் கொஞ்சம் கொஞ்சமாக வரும் ஈயத்துக்கு, மாசுபடுத்தியவர் செலவை ஏற்கவேண்டும் என்ற 2019 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கோட்பாட்டை யார்மேல் பொருத்துவது?